ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிஃப்ட்

கோழிக்காரர் வீட்டில் கரண்ட் போய்விட்டது. போய்விட்டது என்று சொல்வதுகூடத் தப்பு. போகிற கரண்ட் தானாகத் திரும்பி வரும். இது ஆள் வந்து எடுத்துக்கொண்டு போன கரண்ட். ஏணியோடு இரண்டு பேர் வந்தார்கள், செருப்பை வாசலில் மரியாதையாகக் கழற்றினார்கள், மீட்டரைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

"இந்த வீடு எடுத்துக்கிட்டே இருக்குங்க. திருப்பி எதுவும் குடுக்கலியே" என்றார் ஏணியைப் பிடித்தவர்.

"வீடு எப்படிங்க குடுக்கும்?"

"எவ்வளவு எடுக்குதோ அவ்வளவு குடுக்கணும். அதான் சமநிலை. இப்ப வீடுகளுக்கும் வந்திருக்கிற புதுச் சட்டம். இங்க ஏதாச்சும் உற்பத்தி பண்றீங்களா?"

"பண்றேனே. கோழிக்குஞ்சு."

ஏணிக்காரர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது யூனிட்ல வராதுங்க" என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டு ஒயரைக் கத்தரித்தார்கள். "எரிசக்திச் சமநிலை ஆணையத்துல போய்ப் பாருங்க. ரொம்ப நல்ல கட்டிடம்" என்று வழியும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கோழிக்காரருக்குக் கோபம் வரவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார். அங்கேதான் அவருடைய இன்குபேட்டர் இருந்தது. வீட்டில் அதற்கு அடைப்பெட்டி என்று பெயர். அதற்குள் முந்நூறு முட்டைகள். போன மாதம் கோழிகளுக்குச் சீக்கு வந்து பண்ணையே துடைத்தமாதிரி ஆகிவிட்டது. சீக்கு வருவதற்கு முன்னால் எடுத்துவைத்த முட்டைகள்தான் மிச்சம். பதினைந்து வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கோழி இனம், இப்போது ஓட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. சூடு குறைந்தால் அதோடு சரி. பிறகு கோழிக்காரர் என்று அவரை யாரும் கூப்பிட ஒரு காரணமும் இருக்காது.

பக்கத்து வீட்டில் ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். "அய்யய்யோ, எங்க சமநிலை கெட்டுடும்" என்று கதவைச் சாத்தினார்கள். எதிர்வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை.

மனைவி பதறிக்கொண்டு நிற்கவில்லை. முட்டைகளைக் கூடைகளில் மாற்றினாள், கம்பளிகளைப் பரப்பினாள், வெந்நீரைப் பாட்டில்களில் ஊற்றி நடுநடுவே சொருகினாள். மாமியார் கட்டிலில் ஏறி, ஒரு கூடையை அணைத்துப் படுத்துக்கொண்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அத்தை, நானும் ஒரு கூடை பக்கத்துல படுக்கட்டுமா?" என்றார் கோழிக்காரர்.

"வேணாம் மாப்ளே. உங்க உடம்புல சூடு இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க புரண்டு படுத்தா முட்டைக்கும் நமக்கும் உறவு விட்டுப்போயிடும்."

கோழிக்காரர் தாட்டியான ஆள். தாட்டி என்றால் சும்மா இல்லை. பஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்று பயணம் செய்வார். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் அவர் தட்டைப் பார்த்தபடியேதான் பரிமாறுவார். "போதுமா மாப்ளே, போதும்தானே" என்று, வைப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்.

சமநிலை ஆணையத்தின் கட்டிடம் ஒன்பது மாடி. கூரைக்கு மேலே ஒரு ராட்சதப் பலகை: எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு கொடுக்கும் கட்டிடம். மொட்டை மாடி முழுக்க சோலார் தகடுகள் வைத்திருந்தார்கள். அந்தப் பலகையின் நிழல் பாதித் தகடுகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. பலகை பகலிலும் தெரிய வேண்டும் என்று அதைச் சுற்றி விளக்கு வேறு எரிந்தது.

உள்ளே நுழைந்ததும் கூடம். கூடத்துச் சுவரில் இன்னொரு பலகை, இதில் எண்கள் ஓடின. கணக்கு வருஷம் பிறந்ததிலிருந்து கட்டிடம் எடுத்தது, கொடுத்தது இரண்டையும் கழித்து மிச்சத்தைக் காட்டும். எடுத்தது அதிகமானால் சிவப்பு. கொடுத்தது அதிகமானால் பச்சை. அன்றைக்கு நல்ல சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சம் தவிரக் கூடத்தில் வேறு வெளிச்சம் இல்லை. ஊழியர்கள் வரும்போதும் போகும்போதும் பலகைக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்துவிட்டுப் போனார்கள்.

கோழிக்காரர் தட்டுத்தடுமாறி லிஃப்டைக் கண்டுபிடித்தார். உள்ளே முக்காலியில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர்.

"ஒன்பதாவது மாடிங்க."

"எங்கண்ணே ஏறுறீங்க? இது இறங்குற லிஃப்ட்."

"அப்ப ஏறுற லிஃப்ட்?"

"தோ" என்று படிக்கட்டைக் காட்டினார் லிஃப்ட்காரர். பிறகு கோழிக்காரரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். கண் விரிந்தது. "அண்ணே, ஒரு நிமிஷம். இந்த மெஷின்ல கொஞ்சம் ஏறி நில்லுங்க."

அது எடை பார்க்கும் மெஷின். முள் ஒரு சுற்று போய் நின்றது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று, கோழிக்காரருக்கு வணக்கம் வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் எடைக்காக ஒருவர் வணக்கம் சொன்னது கோழிக்காரருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஒன்பது மாடி இருட்டில் ஏறினார். நாலாவது மாடியில் உட்கார்ந்தார். ஆறாவது மாடியில் படுத்தார். ஒன்பதாவது மாடியில் சமநிலை அதிகாரி என்று பலகை மாட்டிய அறைக்குள் போனபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. அதிகாரி பேசினார்.

"வாங்க வாங்க. கீழேயிருந்து சொல்லி அனுப்பிச்சாங்க. தண்ணி குடிக்கிறீங்களா? குடிங்க, நிறைய குடிங்க, எடை கூடும்."

கோழிக்காரர் முட்டைகளைப் பற்றிச் சொன்னார். சீக்கு, பண்ணை, அடைப்பெட்டி, வெந்நீர்ப் பாட்டில், மாமியார் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"புரியுது. ரொம்ப அவசரமான விஷயம். கீழ கூடத்துல ஒரு முத்திரை வாங்கிட்டு வந்துடுங்க, ஆரம்பிச்சிடலாம். இறங்கும்போது லிஃப்ட்லயே போங்க, பரவாயில்ல."

லிஃப்ட் சுகமாக இறங்கியது. உள்ளே ஒரு சின்ன விளக்கு பச்சையாகச் சிமிட்டியது. கீழே முத்திரை வாங்கிக்கொண்டு மறுபடி ஒன்பது மாடி ஏறினார். முத்திரை சரி, ஆனால் நீல மையில் இருக்கிறது, கறுப்பு வேண்டும் என்றார் அதிகாரி. இறங்கினார், ஏறினார். கறுப்பு சரி, ஆனால் ஓரமாக விழுந்திருக்கிறது. இறங்கினார், ஏறினார். சாயங்காலம் நாக்கு தள்ளியது.

"ஏன் சார் இப்படி அலைய விடறீங்க?"

அதிகாரிக்கு முகம் வாடிவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அலையறதுன்னு ஏன் நினைக்கிறீங்க? அதுதான் உங்க பங்களிப்பு. இந்த லிஃப்ட் சாதாரண லிஃப்ட் இல்ல. மறுபக்கம் தொங்குற எடைக்கட்டி இழுக்க, காலியா மேல போனா கரண்ட் குடுக்கும், கனமா கீழ வந்தாலும் குடுக்கும். ஆளோட மேல போனாத்தான் எடுக்கும். அதனால யாரையும் மேல விடறதில்ல. ஏறுறதுக்குப் படி, இறங்குறதுக்கு லிஃப்ட். இதான் எங்க கொள்கை."

"அப்ப ஆணையர்?"

"அவர் எங்க ஏறுறார்? அவர் அலுவலகம் எதிர்ல இருக்கு" என்று ஜன்னலைக் காட்டினார் அதிகாரி.

எதிர்ப்புறம் சாலையைத் தாண்டி ஒரு நீளமான தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர் ஒன்று அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் ஏசி. உள்ளே விளக்குகளும் கணினிகளும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. ஒருவர் பல்லைக் குத்தியபடி நல்ல குளிரில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"வேலையெல்லாம் அங்கதான் நடக்குது" என்றார் அதிகாரி.

"அது எடுக்கிற கரண்ட் கணக்குல வராதா சார்?"

"எப்படி வரும்? சட்டம் கட்டிடத்துக்குத்தான். கட்டிடம்னா அஸ்திவாரம் இருக்கணும். அது சக்கரத்து மேல நிக்குது." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "ஆணையரோட சொந்த யோசனை."

மறுநாளிலிருந்து கோழிக்காரரின் வாழ்க்கை மாறியது. காலையில் முட்டைகளுக்கு வெந்நீர் மாற்றிவிட்டுப் புறப்படுவார். சாயங்காலம் வரை ஏறுவார், இறங்குவார். மனு முடியவில்லை. முடிக்க முடியாது என்று அதிகாரியே ஒத்துக்கொண்டார்: "உங்க மனுவை முடிச்சிட்டா நீங்க வரமாட்டீங்களே."

அந்தக் கட்டிடத்தில் எடைக்கு இருந்த மரியாதை அவருக்குப் போகப் போகப் புரிந்தது. ஒல்லியான ஊழியர்களுக்குத் தரைத்தளத்தில்தான் நாற்காலி. உடம்பு போட்டால் மேல்மாடிக்குப் பதவி உயர்வு. அஜீரணத்தால் இளைத்துப்போன ஒரு தலைமை எழுத்தரை மூன்று மாடி கீழே இறக்கியிருந்தார்கள், அவர் மனைவி வந்து அழுதுவிட்டுப் போனாராம். கோழிக்காரரின் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினார்கள். நடமாடும் மின் நிலையம், தற்காலிகம் என்று அதில் அச்சடித்திருந்தது.

"தற்காலிகம்னு போட்டிருக்காங்களே?" என்று லிஃப்ட்காரரிடம் கேட்டார்.

"பயப்படாதீங்கண்ணே. நான் இங்க இருபது வருஷமா தற்காலிகம்தான்."

ஒரு வாரத்தில் கோழிக்காரர் மெலிந்தார். அதிகாரி மெஷினைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "ரெண்டு கிலோ! இது உற்பத்தி இழப்புங்க. வீட்டுல சாப்பாடு போடறாங்களா இல்லியா?" எதிர்க் கொட்டகையிலிருந்து ஒரு டப்பா சாப்பாடு வரவழைத்தார். பக்கத்தில் நின்று, கடைசிக் கவளம் வரை கண்கொட்டாமல் பார்த்தார். "நாளையிலிருந்து கையில ஏதாச்சும் கனமா எடுத்துட்டு வாங்க. பை, மூட்டை, என்ன வேணும்னாலும்."

வீட்டில் மனைவி ஒரு முட்டையை டார்ச்சுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். உள்ளே சின்னதாக ஏதோ அசைந்தது. இன்னொன்றைக் காட்டினாள். அதில் அசைவு இல்லை.

"என்னங்க, எண்பது போயிடுச்சு" என்றாள். "வெந்நீர் ஆறிப்போறதுக்குள்ள மாத்த முடியல. அம்மா முதுகு விட்டுப்போச்சுன்னு சொல்லாம படுத்துக்கிடக்கு. நீங்க அங்க போய் ஏறி இறங்கிட்டு வர்றீங்க. எப்பதான் கரண்ட் குடுப்பாங்க?"

கோழிக்காரர் அசையாத முட்டையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த வெந்நீரை அடுப்பில் ஏற்றினார்.

அதற்கடுத்த நாள் அவர் போனபோது ஆணையத்தில் இழவு வீட்டுக் களை. பலகை பச்சையாகிவிட்டிருந்தது. அந்த வாரம் வெயிலும் கொளுத்தியது, கோழிக்காரரும் கொளுத்தினார், எல்லாம் சேர்ந்து கட்டிடம் எடுத்ததைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டது.

"நல்லதுதானே சார்?" என்றார் கோழிக்காரர்.

"என்னங்க நல்லது?" அதிகாரிக்கு அழுகை வரும்போல் இருந்தது. "எவ்வளவு எடுக்குதோ அவ்வளவுதான் குடுக்கணும். கூடக் குடுத்தாலும் சமநிலை கெட்ட மாதிரிதான். வருஷக் கணக்கு முடியப்போகுது. அன்னைக்கு உலகச் சமநிலை மன்றத்துலேர்ந்து நடுவர் வர்றாங்க. பலகை பூஜ்யத்துல நின்னாத்தான் விருது. இப்ப இந்தக் கரண்டையெல்லாம் எப்படித் தீர்க்கிறது?"

"எங்க வீட்டுக்குக் குடுத்துடுங்க சார்!"

"அதெப்படி? வெளியில குடுத்தா அது கொடுத்த கணக்குல போய் இன்னும் பச்சையாகும். உள்ளேயே தீர்க்கணும்."

யோசித்து யோசித்து, தரைத்தளத்து விசாரணை அறையில் இருபது ஹீட்டர்களை வாங்கி வைத்தார்கள். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே ஹீட்டர்கள் இராப்பகலாகச் சிவந்து எரிந்தன. அறைக்குள் யாரும் போக முடியாது, போக வேண்டிய வேலையும் இல்லை.

கோழிக்காரர் கதவைத் திறந்து முகத்தை நீட்டினார். அந்த அனல் முகத்தில் அடித்ததும் அவருக்குக் கண் கலங்கியது. ஒரு மூலையில், ஹீட்டர்களை விட்டு விலகி, கையை வைத்துப் பார்த்தார். அடைப்பெட்டிச் சூடு. பதினைந்து வருஷமாகப் பழகிய சூடு. திரும்பி வீட்டுக்கு ஓடினார். அவர் ஓடியதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

மனைவியும் மாமியாரும் ஆளுக்கொரு கூடையும், அவர் மிச்சத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஈரத்துக்கு ஒரு பாத்திரத்தில் தண்ணீர். வாசலில் அதிகாரி மறித்தார்.

"என்னது இது?"

"கனமா எடுத்துட்டு வரச் சொன்னீங்களே சார். இதை இந்த ரூம்ல வச்சுட்டு, போகும்போது எடுத்துக்கிறேன்."

அதிகாரி முட்டைகளைப் பார்த்தார், ஹீட்டர்களைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. "இங்க பாருங்க. இந்தச் சூடு வீணாப் போகணும்னு உத்தரவு. இதுல முட்டை வச்சா உபயோகமாயிடும். உபயோகம் பண்ண ஆணையருக்குத்தான் அதிகாரம்."

மாமியார் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏம்ப்பா, முட்டை பாட்டுக்குச் சும்மாக் கிடக்குது. உங்க ஆபீஸ்ல சும்மா இருக்கிறதுக்கு யார்கிட்ட அதிகாரம் வாங்கணும்?"

அதிகாரி இதை நெடுநேரம் யோசித்தார். சும்மா இருப்பதற்கு ஆணையத்தில் இதுவரை யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை என்பது உண்மைதான். விலகி வழிவிட்டார்.

அடுத்த சில நாட்கள் கோழிக்காரருக்கு இறங்க வேலை இல்லை. இறங்கினால் இன்னும் பச்சையாகிவிடும். விசாரணை அறை மூலையில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து முட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மனைவி தண்ணீர்ப் பாத்திரத்தை நிரப்பினாள். மாமியார் வாசலில் உட்கார்ந்து கதவை யாரும் திறந்து போடாமல் பார்த்துக்கொண்டார். லிஃப்ட்காரர் சாப்பாட்டு நேரத்தில் வந்து, ஒரு முட்டையைக் காதில் வைத்துக் கேட்டார்.

"அண்ணே, உள்ள தட்டுது! யாரோ கதவைத் தட்டுற மாதிரியே தட்டுது."

"மெதுவா வைங்க" என்றார் கோழிக்காரர். சிரிப்பை அடக்க முடியவில்லை.

கணக்கு முடியும் நாள் வந்தது. கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவர் அம்மா முன்வரிசையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆணையர் எதிர்க் கொட்டகையிலிருந்து சால்வையோடு வந்து இறங்கினார். சாலையைக் கடந்து வருவதற்குள் சால்வை நனைந்துவிட்டது. பலகையில் பச்சை எண் குறைந்துகொண்டே வந்தது. அதிகாரி விசாரணை அறையின் ஸ்விட்சுகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பூஜ்யம் வரும் நொடியில் ஹீட்டர்களை அணைக்க வேண்டும்.

ஆணையர் பேசினார்.

"மதிப்புக்குரிய நடுவர் அவர்களே! கட்டிடம் எதற்கு என்று உலகம் கேட்கிறது. வேலை செய்வதற்கு என்று பழைய ஆட்கள் பதில் சொல்வார்கள். வேலை செய்தால் விளக்கு வேண்டும், விசிறி வேண்டும், கணினி வேண்டும். அந்தத் தவறை நாங்கள் செய்யவில்லை. இந்தக் கட்டிடத்தைத் திறந்த நாளிலிருந்து இதற்குள் ஒரு வேலையும் நடக்காமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

கைதட்டல் எழுந்தது. நடுவர் அம்மா குறித்துக்கொண்டார்.

"மக்கள் எங்களிடம் வருகிறார்கள். வெறுங்கையோடு வருகிறார்கள், வெறுங்கையோடு போகிறார்கள். வந்ததும் போனதும் ஒன்று. இதைவிடப் பெரிய சமநிலை ஏது?"

மறுபடி கைதட்டல். அது அடங்கியபோது கீச் என்று ஒரு சத்தம். ஆணையர் தொண்டையைக் கனைத்தார். கீச், கீச். விசாரணை அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாத கீச்சல்.

கோழிக்காரர் அறைக்குள் மண்டியிட்டிருந்தார். ஓடுகள் விரிந்துகொண்டிருந்தன. ஈரமாக, தலை நிற்காமல், குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்தன. பதினைந்து வருஷ இனம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். வெட்கமே படவில்லை.

"என்ன சத்தம் அது?" என்று நடுவர் அம்மா கேட்டார்.

ஆணையர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். ஒரு நொடிதான் திகைத்தார். ஆணையராக வருவதற்கு அந்த வேகம் போதும். "உயிர்!" என்றார் திரும்பி. "இந்தக் கட்டிடம் உயிரையே உற்பத்தி செய்கிறது!"

அந்த நேரம் பார்த்துப் பலகை பூஜ்யத்தைத் தொட்டது. அதிகாரி ஸ்விட்சுகளை அணைத்தார். ஹீட்டர்கள் சிவப்பு மங்கிக் கறுத்தன. கூடமே எழுந்து நின்று கைதட்டியது. நடுவர் அம்மா, கணக்கு நேரம் முடிய இன்னும் அரை மணி இருக்கிறது, அதுவரை பூஜ்யம் நிற்க வேண்டும் என்று நினைவுபடுத்தினார். யாரும் எதையும் தொடாதீர்கள் என்று ஆணையர் உத்தரவிட்டார்.

கோழிக்காரர் அறையிலிருந்து வெளியே ஓடிவந்தார். "சார், சூடு போயிடுச்சு! இப்பத்தான் பொரிச்சு வந்திருக்கு சார், நனைஞ்சு கிடக்கு. சூடு இல்லேன்னா ஒண்ணும் தங்காது. எங்க வீட்டுக் கரண்டையாவது குடுங்க சார். ரெண்டு வாரமா அலையறேன்."

நடுவர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஆணையர் புன்னகையோடு கோழிக்காரரின் தோளில் கைபோட்டார், அந்தத் தோளில் பாதிவரைதான் கை போயிற்று.

"இவர்தான் நம் மனுதாரர். இவர் வீட்டைப் பரிசீலித்தோம். கரண்ட் இல்லாத நாளிலிருந்து அந்த வீடு எடுப்பது பூஜ்யம். கொடுப்பதும் பூஜ்யம். நடுவர் அவர்களே, இந்த ஊரில் எங்களுக்கு அடுத்தபடியாகச் சமநிலை அடைந்த முதல் வீடு இவருடையதுதான்!" அதிகாரி ஓடிவந்து, தயாராக வைத்திருந்த பித்தளைப் பட்டயம் ஒன்றை நீட்டினார். "வாசலில் மாட்டிக்கொள்ளலாம்."

கோழிக்காரர் பட்டயத்தை வாங்கிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல்தான் வாங்கினார். "அப்ப கரண்ட்?"

"கரண்ட் கொடுத்தால் பூஜ்யம் கெட்டுவிடுமே!" என்றார் ஆணையர், குழந்தையிடம் பேசுகிற பரிவோடு. "பட்டயம் வாங்கிய வீட்டுக்குச் சட்டப்படி இனி எந்தக் காலத்திலும் கரண்ட் கொடுக்க முடியாது."

கோழிக்காரர் பட்டயத்தைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் கீச்சல் மெலிந்துகொண்டிருந்தது. மனைவி கூடையோடு கதவில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க" என்றாள், "மொட்டை மாடியில வெயில் இருக்கில்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். கோழிக்காரர் பட்டயத்தை ஒரு நாற்காலியில் வைத்தார். இரண்டு கூடைகளைத் தூக்கினார். மனைவி இரண்டு, மாமியார் இரண்டு. நேராக லிஃப்டுக்குள் போனார்கள். லிஃப்ட்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார்.

"அண்ணே, இது இறங்குற லிஃப்ட்..." என்று ஆரம்பித்தவர் கூடைக்குள் பார்த்தார். பேச்சை நிறுத்தினார். இருபது வருஷமாகத் தன் கையால் அழுத்தாத ஒரு பொத்தானை ஊதித் துடைத்துவிட்டு அழுத்தினார்.

அந்த லிஃப்ட் அதற்கு முன் ஆளை ஏற்றிக்கொண்டு மேலே போனதில்லை. முனகியது, குலுங்கியது, கோழிக்காரரையும் அவர் குடும்பத்தையும் பண்ணையையும் சுமந்துகொண்டு ஏறத் தொடங்கியது. கூடத்தில் எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். பூஜ்யம் நடுங்கியது. பிறகு சிவந்தது. ஒவ்வொரு மாடிக்கும் இன்னும் கொஞ்சம் சிவந்தது.

மொட்டை மாடியில் தகடுகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. கோழிக்காரர் கூடைகளைத் தகடுகளின் ஓரத்தில், காற்றுப் படாமல், நிழலும் வெயிலும் கலக்கிற இடமாகப் பார்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகளுக்கு ஈரம் காய்ந்து உடம்பெல்லாம் புசுபுசுவென்று ஆனது. கீச்சல் பழையபடி கிளம்பியது. லிஃப்ட்காரர் தன் முக்காலியைக் கதவுக்கு நடுவே வைத்து, லிஃப்ட் மூடாமல் நிறுத்திவிட்டு, தானும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

கீழிருந்து குரல்கள் கேட்டன. முதலில் அதிகாரியின் குரல், படிக்கட்டு வழியாக.

"இறங்கி வாங்க! நீங்க ஒரு தடவை இறங்கினா போதும், பூஜ்யம் வந்துடும்! இன்னும் கால் மணிதான் இருக்கு!"

கோழிக்காரர் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். கீழே சாலையில் ஆணையர் அண்ணாந்து நின்றார், சால்வை தரையில் கிடந்தது. எதிர்க் கொட்டகைக்காரர்களும் வெளியே வந்து நின்றார்கள்.

"எங்க வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் இறங்குறேன் சார்!" என்று கத்தினார் கோழிக்காரர். அவருக்கு உடம்பைப் போலவே குரலும் தாட்டிதான், தெருக்கோடி வரை கேட்டது.

"சட்டம் இடம் குடுக்காதுங்க!" என்றது படிக்கட்டிலிருந்து அதிகாரியின் குரல்.

"அப்ப நான் சும்மாவே இருக்கேன் சார். சும்மா இருக்கத்தான் அனுமதி வேணாமே."

ஆணையர் அதிகாரியைத் தேடினார், கிடைக்கவில்லை. நடுவர் அம்மாவைப் பார்த்தார், அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏணிக்காரர்கள் இருவரையும் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு கோழிக்காரர் வீட்டுப் பக்கமாக ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்கள். ஆணையர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சமாதானம் பேச, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார். நாலாவது மாடியில் அவர் உட்கார்ந்துவிட்ட சத்தம் மேலே கேட்டது.

மாமியார் கூடைகளுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மருமகன் தட்டில் நிறைய வைத்தார். வைத்ததைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வைத்தார்.

"போதும் அத்தை."

"என்ன போதும்? ஒயரை ஒட்டி முடிச்சுட்டு வரட்டும். அதுவரைக்கும் நல்லாச் சாப்பிடுங்க மாப்ளே. இறங்கும்போது கனம் குறையக்கூடாது."